கிரிவலம் போன கேமரா

1. பேய், சாமி, அற்புதம் எதையும் நான் நம்பியதில்லை. இப்போதும் நம்பவில்லை.
2. எங்கள் பல்கலைக்கழகக் கட்டடத்தின் மொட்டைமாடியில், மலையைப் பார்த்தபடி ஒரு கேமரா போல்ட் போட்டு முடுக்கப்பட்டிருந்தது. அது எடுக்கும் படங்கள் தானாகவே எங்கள் வலைப்பதிவில் ஏறிக்கொள்ளும்.
3. ஒரு பௌர்ணமிப் பகலில் அந்தக் கேமரா கிரிவலம் போய் வந்தது.

மூன்றாவதைப் படித்ததும் சிரித்திருப்பீர்கள். பரவாயில்லை, எங்கள் பல்கலைக்கழகப் பதிவாளரும் சிரித்தார்.

அப்போது நான் பல்கலைக்கழக இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த ஊழியர். துறைக்கு ஒரு வலைப்பதிவு, கேட்கிற மாணவர்களுக்கு ஒன்று. கடவுச்சொல்லை மறந்துவிட்டு வரும் பேராசிரியர்களுக்குப் புதிதாகப் போட்டுக் கொடுப்பதிலேயே பாதி நாள் போகும். ஆனால் மலைப்படப் பதிவுக்குத்தான் வாசகர்கள் அதிகம். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் எழுந்ததும் அதைத்தான் திறப்பார்கள்.

அன்று முதலில் கண்டுபிடித்தவரும் அவர்களில் ஒருவர்தான். 'கேமராவைத் தெற்குப் பக்கம் மாற்றிவிட்டீர்களா?' என்று பின்னூட்டம் போட்டிருந்தார். இந்த ஊரில் பிறந்தவர்களுக்கு மலையின் ஒரு மடிப்பைக் காட்டினால் போதும், எங்கே நின்று பார்த்தது என்று சொல்லிவிடுவார்கள். எங்கள் கட்டடம் மலைக்குக் கிழக்கே இருக்கிறது. படத்தில் இருந்ததோ தெற்கு முகம். அடுத்த படத்தில் மலை இன்னும் கொஞ்சம் திரும்பியிருந்தது, அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம், வலமாகவே, ஒரு ஆள் நடக்கும் வேகத்தில்.

இவளே படத்தில் ஏதோ செய்துவிட்டாள் என்பீர்கள். அந்த வேலை எனக்குத் தெரியும். நான் செய்திருந்தால் இதைவிட நன்றாகச் செய்திருப்பேன்.

யாரோ பழைய படங்களை ஏற்றுகிறார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். என்னுடையதைத் தவிர எல்லாக் கணக்குகளையும் முடக்கினேன். படங்கள் நிற்கவில்லை. மாடிக்கு ஓடினேன். கேமரா அசையாமல் அதே இடத்தில் இருந்தது. லென்ஸை உள்ளங்கையால் இறுக்கி மூடிக்கொண்டு, கீழே கணினி முன்னால் இருந்த தோழி சாந்தியைக் கைபேசியில் கூப்பிட்டேன்.

"இப்ப இருட்டா வரணும். வருதா?"

"ஏய், கைய வச்சியா இல்லியா?"

"வச்சிக்கினுதான் இருக்கேன்."

"இங்க ரோடு தெரியுதுடி. மரம் தெரியுது. ஒரு கடை... ஐயோ, உங்க அம்மாடி!"

அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையோரம் அம்மாவுக்கு ஒரு சின்னக் கடை உண்டு. கீழே வந்து பார்த்தேன். அம்மா சற்றுக் குனிந்து, மோர் டம்ளரை நேராக லென்ஸை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தாள். வாய் நிறையச் சிரிப்பு.

பிற்பகலில் மலை பழையபடி கிழக்கு முகத்தைக் காட்டியது. அதோடு சரி.

மறுநாள் பதிவாளர் கூப்பிட்டார்.

"ஏம்மா, கேமரா செருப்பு போட்டுக்கினு போச்சா, வெறுங்காலா?"

"தெரியாது சார். நான் போகல. அது மட்டும் தெரியும்."

"உங்க அம்மா கடை வேற வந்திருக்கு. விளம்பரமா? ஆள் வச்சு எடுத்து ஏத்திட்டேன்னு எழுதிக் குடுத்துட்டு, எல்லாத்தையும் அழிச்சிடு. இல்லன்னா உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடிஞ்சுது."

அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது. சாயங்காலம் படத்தை அச்செடுத்துப் போய் அம்மாவிடம் காட்டினேன்.

"யாருக்கும்மா குடுக்குற?"

"பௌர்ணமில கூட்டம் ஜாஸ்தி, யாரக் கண்டேன்?" என்றவள், படத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தாள். அம்மா கடையில் சிரிக்கிற ஆள் இல்லை. சில்லறை இல்லாமல் வருகிறவர்களைத் திட்டியே பெயர் வாங்கியவள். "இவ்ளோ சிரிக்கிறேனே," என்றாள். "யாரப் பாத்துடி இப்படிச் சிரிச்சேன்?"

எழுதிக் கொடுத்தால் அது நான் ஏற்பாடு செய்த சிரிப்பு என்றாகிவிடும். கொடுக்கவில்லை. மறுநாள் காலை, படங்களை அழிப்பதற்குப் பதிலாக, என் பெயரிலேயே ஒரு பதிவு போட்டேன்: 'இவை நான் எடுத்தவை அல்ல. யார் எடுத்தது என்று எனக்குத் தெரியாது.' பின்னூட்டங்களையும் திறந்தே வைத்தேன்.

இன்றைய நிலை இதுதான். அந்த மாதத்தோடு வேலை போனது. இப்போது வேலூரில் வேறொரு இடத்தில் இருக்கிறேன். அடுத்து வந்தவரிடம் நிர்வாகக் கடவுச்சொல்லை முறையாக ஒப்படைத்தேன். அழிக்கச் சொல்லி அவருக்கும் உத்தரவு போனது. அவரும் அழிக்கவில்லை, ஏன் என்று நான் கேட்கவில்லை. அம்மா பௌர்ணமிதோறும் ஒரு டம்ளர் மோரைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, பாதையில் வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்க்கிறாள். இதுவரை ஒருவரைப் பார்த்தும் அப்படிச் சிரிக்கவில்லை.