பெயரில்லாத பொத்தான்

இடது காதில் ஆஸ்பத்திரி, வலது காதில் கைப்பேசி. "வணக்கம், சொல்லுங்க" என்று ஒருவரிடம் பேசி, இணைப்பை மூன்றாவது மாடிக்குத் தள்ளிவிட்டு, அடுத்த மணி அடிப்பதற்குள் ஆபரேட்டர் அக்கா வலது காதுக்குப் போய்விடுவார். அங்கே ஓர் இயந்திரக் குரல் திரையில் இருப்பதை வாசித்துக்கொண்டிருக்கும். அக்கா வைத்திருக்கும் வேகத்தில் அது மற்றவர்களுக்கு டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு. "இதுல என்னக்கா புரியுது?" என்று கேட்கும் நர்ஸுகளுக்கு ஒரே பதில்தான்: "நீங்க பேசறதுதான் எனக்கு இழுவையா இருக்கு."

அக்காவுக்குப் பார்வை போனது இருபத்தாறு வயதில். நானூறு சொச்சம் உள் எண்கள் மனப்பாடம். கோபம் வந்தால் எதிரே இருப்பவரை "சார்" என்பார். கணவரும் அதற்கு விலக்கில்லை.

ஒரு பெரிய சமூக வலைத்தளத்தில், பார்வை மங்கிக்கொண்டிருப்பவர்களுக்கென்று ஒன்பது வருடமாக ஒரு குழுவை அக்கா நடத்திவந்தார். ஆறாயிரம் பேர். சூடான டீயைச் சிந்தாமல் ஊற்றுவது எப்படி என்று ஒருவர் கேட்பார். "மக முகம் மறந்துடுமா?" என்று இன்னொருவர் கேட்பார். "மறக்கும். குரல் மறக்காது" என்று அக்கா எழுதுவார். தேன் தடவிப் பேசத் தெரியாது.

அந்தத் தளத்தின் சொந்தச் செயலி பார்வையற்றவர்களுக்கு உதவாது. வெளியாள் ஒருவர் தனியாக எழுதிய சின்னச் செயலிதான் அக்காவுக்குக் கைகொடுத்தது. திரையில் தொட்டும் ஒரு பொத்தான் தன் பெயரைச் சொல்லவில்லை என்று அக்கா எழுதினால், இரண்டே நாளில் அது பேசும். திடீரென்று ஒருநாள், வெளியார் செயலிகளுக்கு இனி இடமில்லை என்று நிறுவனம் அறிவித்தது. "முப்பதாம் தேதியோட மூடறேன். மன்னிச்சிடுங்க" என்று எழுதினார் அந்தச் செயலியை உருவாக்கிய மனிதர். "நீங்க ஏன் மன்னிப்புக் கேக்கணும்? கேக்க வேண்டியவங்க அங்க கேக் வெட்டிட்டிருப்பாங்க" என்று அக்கா பதில் போட்டார்.

பிறகு நிறுவனத்தின் செயலியைத் திறந்தார். "பொத்தான். பொத்தான். பெயரில்லாத பொத்தான்" என்றது குரல். விளம்பரம் ஒன்றை அழிக்கப் போய், புதிதாக வந்த ஒரு பெண் பயந்து பயந்து எழுதியிருந்த முதல் பதிவை அழித்துவிட்டார். அந்தப் பெண் திரும்பி வரவே இல்லை. அக்கா நிறுவனத்துக்கு நான்கு கடிதம் எழுதினார். நான்குக்கும் ஒரே பதில்: உங்கள் கருத்து எங்களுக்கு மிக முக்கியம். "முக்கியமாம். முக்கி முக்கிப் படிச்சிட்டிருக்காங்க போல."

மாற்றுச் செயலி ஒன்று பன்னிரண்டு நாள் உயிரோடிருந்தது. இன்னொன்று எல்லாவற்றையும் வாசித்தது, எதையும் அழிக்க விடவில்லை. கடைசியில் வேறொரு தளத்தில் புதுக் குழு தொடங்கி, ஆறாயிரம் பேரையும் "வாங்க" என்று அழைத்தார். நாற்பத்து மூன்று பேர் வந்தார்கள். மற்றவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் பழைய இடத்திலேயே சமாளித்தார்கள். "கொஞ்சமாவது தெரியிற வரைக்கும் யாரும் நகர மாட்டாங்க. நானும் அப்ப நகரல" என்றார் அக்கா.

பழைய குழுவையும் விட மனமில்லை. கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். கமாவைக்கூட விடாமல் படிப்பார். "நான் படிக்கிறேன், நீ சொல்லு, நான் அமுக்கறேன்" என்று ஒரு சாயங்காலம் பக்கத்தில் உட்கார்ந்தார். குழுவில் இருப்பவர்கள் அக்காவுக்கு மட்டும் எழுதியிருந்த தனிக் கடிதங்களில் ஒன்றை எடுத்தார். "'பார்வை போனதிலேருந்து என் மனைவி வேற ரூம்ல படுக்கிறா. யார்கிட்டயும் சொல்லல...'"

"போதும் சார்."

"இன்னும் ரெண்டு வரி இருக்கே."

"அது எனக்கு எழுதினது. உங்களுக்கு இல்ல."

அதன்பின் அவரைப் படிக்கச் சொல்லவில்லை. காவலில்லாத குழுவில், "பதினைந்தே நாளில் பார்வை திரும்பும்" என்று சொட்டு மருந்து விற்பவர்கள் புகுந்தார்கள். சேதி புதுக் குழுவின் நாற்பத்து மூன்று பேர் வழியாக அக்காவுக்கு வந்தது. விளம்பரங்களை மட்டும் தேடி அழிக்கச் சொல்லிக் கணவரைக் கேட்டுக்கொண்டார். ஒன்றை அழித்தால் மறுநாள் பத்து முளைத்தது.

போன வாரம், காலை பதினொரு மணி இருக்கும், இடது காதில் ஒரு பெண் குரல். "கண் பிரிவுக்குக் குடுங்கம்மா. சொட்டு மருந்து போட்டேன், ரெண்டு நாளா எரியுது. இருந்த கொஞ்சமும் போயிடுச்சு போல."

ஆபரேட்டர் கேட்கக்கூடாத கேள்வியை அக்கா கேட்டார். "எங்க வாங்கினீங்க?"

"ஒரு குரூப்புலம்மா. அங்க ஒரு அக்கா இருக்காங்க. தப்பா ஒண்ணும் உள்ள வரவிட மாட்டாங்க. அந்த நம்பிக்கையிலதான் வாங்கினேன். இந்த ஆஸ்பத்திரி நம்பர்கூட அவங்க போட்டதுதான்."

"லைன்ல இருங்க" என்று மட்டும் சொல்லி, அக்கா கண் பிரிவுக்கு இணைப்பைக் கொடுத்தார்.

மறுமுனையில் எடுத்தவுடன் ஆபரேட்டர் விலகிவிட வேண்டும், அதுதான் விதி. டாக்டர் எடுத்தார். "எந்தக் கண்ணும்மா?" என்றார். அக்கா இணைப்பிலிருந்து விலகவில்லை. தன் மூச்சுச் சத்தம் அந்தப் பக்கம் கேட்டுவிடாமல், மைக்கை உள்ளங்கையால் இறுகப் பொத்திக்கொண்டார்.