வெடிக்காத ஜிமிக்கி

டெல்லித் தமிழர் வரலாற்றில் இதுவரை இடம்பெறாத கோமளாவுக்கு வயது நாற்பத்தேழு. லக்ஷ்மிபாய் நகர் அரசுக் குடியிருப்பில் வாசம். தொழில், சுடுமண் நகை செய்வது. அம்மையாரின் ஜிமிக்கி சூளையில் வெடித்ததே கிடையாது. ஒரு பிறவிக்கு இது போதும்.

அம்மையாரும் வேறு நான்கு பெண்களும் வாட்ஸப் குழு வைத்திருந்தார்கள். நோக்கம், அறிவைப் பகிர்தல். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்ததையெல்லாம் சொல்லித்தருவார்கள், ஏதோ ஒன்றைத் தவிர. அந்த ஒன்று எது என்று கேட்பது நாகரிகமல்ல. விற்பனைக்கும் விதி இருந்தது: மண்ணுக்கும் பெயின்டுக்கும் மட்டும் காசு. கைவேலைக்கு என்னத்தை வாங்குவது, வீட்டில் சும்மாதானே இருக்கிறோம் என்பது குழுவின் கொள்கை.

இந்த ஜனவரியில் நடன ஆசிரியை கவிதா, பொங்கல் விழாவில் ஆடப்போகும் பன்னிரண்டு சிறுமிகளுக்கு ஜிமிக்கி கேட்டார். விழா சனிக்கிழமை. செவ்வாய்க்கிழமை, மோதி பாகில், குழுவில் ஒருத்தியான மாலா வீட்டு பால்கனியில் இருக்கும் குழுவின் மின்சூளையில் முதல் ஈடு ஏறியது. ஐந்து பேரும் சால்வைக்குள் சுருண்டு காத்திருந்தார்கள். இருபதாவது நிமிடம் உள்ளே ‘டப்’. அப்புறம் தீபாவளி. ஆறவிட்டுத் திறந்தால் நான்கு வீட்டு ஜிமிக்கிகளும் ஓட்டாஞ்சில்லு. தனித் தட்டில் வைத்த கோமளாவுடையவை மட்டும் முழுசு.

மாலா குரலை உயர்த்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

“எங்ககிட்ட எதைச் சொல்லாம விட்டே, கோமளா?”

நாகரிகம் அத்துடன் முடிந்தது.

வெளியே ஏழு டிகிரி; அம்மையாருக்கு வியர்த்தது. சொன்னால் ‘வெடிக்காத ஜிமிக்கிக்காரி’ என்ற பெயர் போய்விடும். அதைத் தவிர அவருக்கு வேறு பட்டம் கிடையாது. சொல்லாவிட்டால் பன்னிரண்டு பெண்கள் மூளிக் காதோடு மேடையேறுவார்கள். ரகசியமோ, வெளியே சொல்லும் தரத்தில் இல்லை.

“செட்-டாப் பாக்ஸ் மேல வைப்பேன். இந்தப் பனியில நிழல்ல எதுவும் காயாது. அது ராப்பகலா சூடா இருக்கும். மூணு நாள் வெச்சா ஈரம் போயிடும், வெடிக்காது.”

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. “இவ்ளோதானா?” என்று மாலா கேட்டதில் ஆறு வருடப் புகழ் உதிர்ந்தது.

அன்றே எல்லோரும் புதிதாகச் செய்து அவரவர் வீட்டு டப்பாமேல் வைத்தார்கள். மாலா போனிலேயே படம் பார்ப்பவள், வீட்டில் டப்பா இல்லை. அவள் தட்டு கோமளா வீட்டுக்கு வந்தது. அந்த மூன்று நாளும் மெயின் ஸ்விட்ச் பக்கம் போகவே கணவர் ஜகந்நாதனுக்குத் தடை.

வெள்ளிக்கிழமை காலை மறுபடி பால்கனி. உபரியோடு சேர்த்து முப்பது ஜிமிக்கி. கோமளா ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். மூன்றை மட்டும் ஒதுக்கினார்.

அவையும் மூன்று நாள் காய்ந்தவைதானே, இன்னும் எதையோ மறைக்கிறாய் என்றாள் மாலா.

“தெரியலை. வேண்டாம்னு தோணுது.”

அது உண்மை. ஆகவே யாரும் நம்பவில்லை. அடுக்கியதையெல்லாம் மாலா வெளியே எடுத்துவிட்டு, ஒதுக்கிய மூன்றில் ஒன்றை மட்டும் உள்ளே வைத்துச் சூளையைப் போட்டாள். பத்து நிமிடம். பதினைந்து. பதினெட்டில் ‘டப்’.

மாலா திரும்பி கோமளாவின் முகத்தைப் பார்த்தாள்.

“ஒவ்வொண்ணையும் கன்னத்துல வெச்சுப் பாத்தியே, எதுக்கு?”

“நானா?”

அம்மையார் ஆறு வருடமாக மறைத்துவந்த ரகசியத்தை அம்மையாரே அப்போதுதான் கேள்விப்பட்டார். ஈரம் இருந்தால் ஜில்லென்று இருக்கும், இல்லாவிட்டால் இருக்காது. மாலா வைத்துப் பார்த்தாள்; எல்லாமே ஜில்லென்றன. பனிக்காலத்துக்குப் பூசிய கோல்ட் கிரீம். போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்த பிறகுதான் வித்தியாசம் தெரிந்தது.

இருபத்தேழும் சூளையேறின. முதல் அரைமணி நேரம் ஐந்து பேரும் மூச்சைக்கூட யோசித்துத்தான் விட்டார்கள். ஒன்றும் வெடிக்கவில்லை.

சனிக்கிழமை காலை கவிதா வந்து விலை கேட்டார். கொள்கைப்படி மண், பெயின்ட் என்று மாலா ஆரம்பிப்பதற்குள் கோமளா குறுக்கிட்டார்.

“கைவேலை தனி. அது மண்ணு, பெயின்ட் காசைப் போல மூணு மடங்கு.”

கவிதா திகைத்து, பழகியவர்களுக்குள் இதென்ன, கைவேலையில் அப்படி என்ன இருக்கிறது என்றார்.

“முகத்தைக் கழுவிட்டு வாங்க,” என்றாள் மாலா. “சொல்லித்தரோம்.”

கவிதா விழாவுக்கு முழு மேக்கப்பில் வந்திருந்தார். கேட்டதைக் கொடுத்தார்.