மைனியின் ஆய்வேடு

கம்ப்யூட்டர் வேண்டும் என்று அண்ணனிடம் இரண்டு வருடம் கெஞ்சியிருக்கிறேன். துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்த அவன், கல்யாணமான நாலாம் மாதமே மைனிக்கு ஒன்று வாங்கிக் கொடுத்தான். சாயர்புரத்திலிருந்து வந்த மைனி, உப்பளத்துப் பெண்களின் கண் நோயைப் பற்றி எம்.பில். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். அது முடிந்த பிறகுதான் நான் தொடலாம் என்று சொல்லிவிட்டான்.

நான் போய்வந்த கம்ப்யூட்டர் வகுப்பில் ஒரு பிளாப்பியைத் தனியாக எடுத்து வைத்திருந்தார்கள். விண்டோஸ் 98-ஐக் குறிவைத்து எழுதிய வைரஸ் அதில் இருப்பதாக சார் சொன்னார். உள்ளே போனால் குறிப்பிட்ட ஒரு தேதிவரை அசையாமல் கிடந்து, அன்றைக்கு மொத்தத்தையும் அழித்துவிடுமாம். அதைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். மைனி குளிக்கப் போன நேரத்தில், அவள் கம்ப்யூட்டரில் பிளாப்பியைச் செருகி, அதிலிருந்த சீட்டு விளையாட்டை ஒருமுறை ஓடவிட்டு மூடினேன்.

அந்தத் தேதிக்குப் பதினோரு நாள் இருந்தது. மைனி தினமும் உட்கார்ந்து, அத்தியாயங்களை நேராகத் திரையிலேயே எழுதினாள். ஒருநாள் கேட்டாள்.

"ஏளா, இதையெல்லாம் பிளாப்பில ஒரு காப்பி எடுத்து வச்சிரட்டா? எனக்குப் பயமா இருக்கு."

"எதுக்கு மைனி? பிளாப்பிதான் சீக்கிரம் கெட்டுப்போவும். உள்ள கெடந்தா பத்திரம்" என்றேன்.

நம்பினாள். அவள் நம்பியது எனக்குப் பிடித்திருந்தது.

அந்தத் தேதியன்று காலை திரை கறுப்பாகவே நின்றது. மைனி சுவிட்சைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். சமர்ப்பிக்க ஒன்பது நாள்தான் பாக்கி. பழுது பார்க்க வந்தவர், "வைரஸ் அடிச்சிருக்கு. டிஸ்க்க மதுரைக்கு அனுப்புனா கொஞ்சம் மீட்கலாம்" என்றார்.

அண்ணன் மைனியைப் பார்க்காமலே சொன்னான். "வேண்டாம் அண்ணாச்சி. மெஷின மட்டும் சரி பண்ணுங்க. இவளுக்கு ஒரு பொருளப் பாத்துக்கத் தெரியல. படிச்சது போதும்."

மைனி என் பக்கம் திரும்பினாள். நான் தனக்காகப் பேசுவேன் என்று நினைத்திருப்பாள்.

"என்னத்தப் போட்டுத் தொலைச்சியளோ மைனி" என்றேன்.

அவள் எம்.பில். முடிக்கவே இல்லை. டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக விண்டோஸ் போட்ட கம்ப்யூட்டர் என் அறைக்கு வந்தது. அதில் பழகித்தான் ஷிப்பிங் ஏஜென்சியில் எனக்கு வேலை கிடைத்தது; இன்றும் அங்கேதான் இருக்கிறேன்.

அந்த வருடம் மழைக்காலம் முழுக்க, மைனி டீ கொண்டுவந்து வைத்துவிட்டு என் நாற்காலிக்குப் பின்னால் நிற்பாள்.

"ஏதாவது மூலையில கெடக்குமாளா? நல்லாத் தேடிப் பாரேன்."

ஒன்றும் இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஃபோல்டராகத் திறந்து காட்டுவேன். அவள் குனிந்து ஒவ்வொரு பெயரையும் படிப்பாள்.