ஆர்லிஸ் வாங்காத வண்டி

வடக்கு டகோடாவின் அந்தச் சமவெளி மாவட்டத்தில் ஆர்லிஸ் டுவெட்டின் முகத்தைத் தெரிந்தவர்களைவிடக் குரலைத் தெரிந்தவர்கள்தான் அதிகம். அவசர உதவிக்கு ஃபோன் செய்தால் எடுக்கிற குரல் அது. கொட்டகையில் தீப்பிடித்தாலும், அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாலும், பனியில் கார் பள்ளத்துக்குள் இறங்கினாலும், "எங்க இருக்கீங்க? முதல்ல அதச் சொல்லுங்க" என்று பதறாமல் கேட்பாள். ஒருமுறை மளிகைக் கடையில் பன்றி இறைச்சி நறுக்கித் தரச் சொல்லிக் கேட்டபோது, பின்னால் நின்ற ஆள் ஒருவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். கண் நிறைந்துவிட்டது. எந்த இரவில் அவர் அந்தக் குரலைக் கேட்டாரோ தெரியாது, அவளும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு வெளியிடங்களில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

பேசுகிறவர்களைவிடப் பேசாதவர்களிடமிருந்துதான் அவள் வேலையைக் கற்றாள். லைன் திறந்திருக்கும், சத்தம் இருக்காது. பாக்கெட்டுக்குள் ஃபோன் தானாக அழுந்தியிருக்கலாம். அடிக்கிறவன் பக்கத்திலேயே நிற்பதால் வாயைத் திறக்க முடியாத பெண்ணாகவும் இருக்கலாம். ஆர்லிஸுக்கு இரண்டும் ஒன்றல்ல. காலியான மௌனம் தட்டையாகக் கிடக்கும். ஆள் இருக்கிற மௌனம் உங்களை உற்றுக் கேட்கும். அப்படிப்பட்டவர்களுக்கென்று சில கேள்விகள் உண்டு. ஆமாம் என்றால் ஒருமுறை தட்டுங்கள், இல்லை என்றால் இரண்டுமுறை. அந்தக் கேள்விகளை அவள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள்.

ஓய்வு பெற்றதும் குளிர்காலத்தை அரிசோனாவில் கழிப்பது என்று அவளும் கணவன் ஆரினும் முடிவுசெய்தார்கள். ஆரின் தானியக் கிடங்கில் காலமெல்லாம் வேலை பார்த்தவன். முழங்கால் இரண்டும் போய்விட்டன, வாய் மட்டும் போகவில்லை. அவனிடம் பெரிய பிக்கப் டிரக் இருந்தது. அதன் பின்தொட்டியில் முன்பக்கத்தை மாட்டி இழுத்துச் செல்லும், படுக்கையறையும் சமையலறையும் கொண்ட பெரிய சக்கர வீடு ஒன்று வாங்க வேண்டும். கோதுமை அறுவடை முடிந்த ஒரு காலை, நெடுஞ்சாலையோரம் இருந்த டிரெய்லர் விற்பனை முற்றத்துக்குப் போனார்கள். காற்றே இல்லை. அந்த ஊரில் காற்றில்லாத நாள் என்பதே ஒரு மாதிரியான விஷயம். கம்பத்துக் கொடிகள் ஈரத்துணி போலத் தொங்கின.

விற்பனையாள் லைல், தொப்பை விழுந்த, சலிப்பே தெரியாத மனிதன். இருவர் கையிலும் காபியைத் திணித்துவிட்டு, அவர்கள் பணத்துக்கு ஏற்ற இரண்டு வண்டிகளைக் காட்டினான். பக்கத்துப் பக்கத்தில் நின்றன.

முதல் வண்டி பளபளப்பாக இருந்தது. உள்ளே கணப்பு மாதிரி ஒரு விளக்கு, பளிங்கு மாதிரி ஒரு மேசை, தோல் மாதிரி ஒரு சோபா. எல்லாமே 'மாதிரி'தான். ஆரின் சூரியகாந்தி விதையை மென்று தோலைத் துப்பிக்கொண்டே இழுப்பறையைக் கழற்றிக் கவிழ்த்துப் பார்த்தான்.

"ஸ்டேப்ளர் ஊசி அடிச்சு வெச்சிருக்கான். ஸ்கூல் புள்ள செஞ்ச பொம்மை வீடு."

"உள்ள துப்பாத ஆரின். இன்னும் நம்ம வண்டி ஆகல."

"இது ஆகவும் ஆகாது. சிங்க் அடியில மரத்தூளப் பசை போட்டு அமுக்குன பலகை. ஒரு தடவ தண்ணி ஒழுகினா ஊறிப்போன ரொட்டிதான்."

வெளியே வந்து, முழங்கால் வலிக்க வலிக்க அடியில் படுத்து இரும்புச் சட்டத்தைப் பார்த்தான். வெல்டிங் விட்டுவிட்டுப் போட்டிருந்தது. பக்கச் சுவரை விரல் முட்டியால் தட்டிக்கொண்டே நடந்தான். ஓரிடத்தில் சத்தம் பொத்தென்று மாறியது. மேல்தகடு உள்பலகையிலிருந்து பிரியத் தொடங்கியிருந்தது.

இரண்டாவது வண்டியில் ஆரினுக்குக் குறை சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. இழுப்பறை மூலைகள் பல்லோடு பல் கோத்த நல்ல மரம். சட்டம் முழுநீளமும் வெல்டிங். பக்கவாட்டில் நீளும் அறையை லைல் பொத்தானை அழுத்தி வெளியே தள்ளியபோது முனகல்கூட இல்லை. ஆரின் வெளியே போய்ச் சக்கரங்களைப் பார்க்கக் குனிந்தான். ஆர்லிஸ் உள்ளே இருந்தபடி கதவைச் சாத்திப் பார்த்தாள்.

நெடுஞ்சாலையின் இரைச்சல் அறுந்து விழுந்தது. லைலின் பேச்சு, டிரக்குகள், எல்லாம். அப்படியொரு இறுக்கமான கட்டுமானம். அவளுக்குப் பிடித்துத்தான் இருந்தது, அந்த மௌனம் தட்டையாக இல்லை என்று தெரியும் வரை. ஹெட்ஃபோனைச் சரிசெய்வதுபோல் அவள் கை தானாகக் காதுக்குப் போனது. யாரோ லைனில் இருந்தார்கள்.

கதவைத் திறந்து இறங்கினாள். ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் ஆரின் மதியம் வரை கேலி செய்வான்.

"ரெண்டையும் ஊதிப் பாத்துடலாமா?" என்றான் லைல். அங்கே வழக்கமாகச் செய்கிற சோதனை அது. கூரைத் துவாரத்தில் பெரிய ஊதுவிசிறியை வைத்து உள்ளே காற்றை ஏற்றுவார்கள். வெளியே சுவரெங்கும் சோப்புத் தண்ணீர் அடிப்பார்கள். எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே குமிழி வரும். முதல் வண்டியில் ஜன்னல், விளக்கு, மூலை என்று நுரை பொங்கி வழிந்தது. ஆரின் சிரித்துச் சிரித்து இருமினான். இரண்டாவதில் ஒரு குமிழிகூட இல்லை.

"ஏன்யா, இது என்ன நீர்மூழ்கிக் கப்பலா?" என்றான் ஆரின். குரலில் ஆசை வந்துவிட்டது.

லைல் விசிறியை அணைத்து ஏணியிலிருந்து இறங்கினான். ஆர்லிஸ்தான் முதலில் பார்த்தாள். படுக்கையறைப் பக்கம், ஜன்னலின் கீழ்மூலையில் ஒரே ஒரு குமிழி. விசிறி ஓடியபோது அங்கே எதுவும் இருக்கவில்லை. எலுமிச்சை அளவுக்குப் பெருகியது. பிறகு உடையாமல் சுருங்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. மீண்டும் பெருகியது. மீண்டும் சுருங்கியது. மேலோட்டமான, அவசரமான ஏற்ற இறக்கம். தூங்குகிறவர் அப்படி மூச்சுவிடுவதில்லை. ஒளிந்திருப்பவர் விடுவார்.

"வெயில்ல உள்காத்து சூடாகுது" என்றான் ஆரின்.

"சூடானா பெருகும். எதுக்குச் சுருங்குது?"

ஆரின் கிட்டே போனான். அவன் பூட்ஸின் கீழ் சரளைக்கல் நெரிந்தது. குமிழி பாதியில் அப்படியே நின்றுவிட்டது. அவன் அங்கே நின்றிருந்த வரை அது அசையவில்லை. பின்வாங்கி வந்து நின்றான். கொஞ்ச நேரம் கழித்து, நடுங்கிக்கொண்டே, அது சுருங்கத் தொடங்கியது. ஆரின் வாயிலிருந்த விதையை மென்று துப்ப மறந்திருந்தான்.

ஆர்லிஸ் லைல் பக்கம் திரும்பினாள். "இது புதுசு இல்லயே?"

லைல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "ரெண்டு பேர் வாங்கினாங்க. ரெண்டு பேரும் திருப்பிக் கொண்டாந்துட்டாங்க. பழுதுன்னு யாரும் ஒண்ணும் சொல்லல மேடம். ரெண்டாவதா வாங்கின அம்மாகிட்ட காரணம் கேட்டேன். 'ரொம்ப நல்லாக் கட்டியிருக்காங்க. எதுவுமே வெளிய போக மாட்டேங்குது'ன்னு மட்டும் சொன்னாங்க."

"நான் கொஞ்ச நேரம் உள்ள இருக்கேன்" என்றாள் ஆர்லிஸ்.

"நீ ஒண்ணும் போக வேணாம்" என்றான் ஆரின்.

"இங்கயே நில்லு. சுவரத் தொடாத. ரெண்டு பேரும்."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். படுக்கையறைக்குப் போய், விரிப்பு இல்லாத மெத்தையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஜன்னல் வழியே வெயில் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. பயமாக இருந்தது. ஆனால் இத்தனை காலமும் பயத்தோடு உட்கார்ந்து பேசுவதுதானே அவள் வேலை. குரல் தானாக வந்தது, அந்தப் பழைய குரல்.

"நீங்க லைன்ல இருக்கீங்கன்னு எனக்குத் தெரியும். பேச முடியலன்னா பரவாயில்ல. ஆமாம்னா ஒரு தடவ தட்டுங்க. இல்லன்னா ரெண்டு தடவ. நான் சொல்றது கேக்குதா?"

வெயில் சதுரத்தில் தூசி மிதந்தது. பிறகு, தலைமாட்டுச் சுவருக்குள்ளிருந்து, விரல் முட்டியால் தட்டுவதுபோல ஒன்று.

"அடிபட்டிருக்கா?"

இரண்டு.

"அங்கிருந்து வெளிய வர முடியுமா?"

வெகுநேரம் எதுவும் இல்லை. பிறகு இரண்டு. இரண்டாவது தட்டு மிக மெலிதாக இருந்தது.

அடுத்த கேள்வி வழக்கப்படி வருவதுதான். அவள் யோசிக்கவேயில்லை. "இப்ப உங்க பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

ஒன்று. உடனே.

"அவங்களப் பாத்துத்தான் பயப்படறீங்களா?"

கேட்டு முடித்த பிறகுதான் கேள்வி எங்கே போய் நிற்கிறது என்று அவளுக்கு உறைத்தது. அந்த வண்டிக்குள் இருந்தது அவள் மட்டும்தான்.

ஒரு தட்டு.

ஆர்லிஸ் இரண்டு கைகளையும் மடியிலிருந்து எடுத்து, விரித்து, எதிரில் இருப்பவர் பார்க்கும்படி முன்னால் நீட்டினாள். ஏன் அப்படிச் செய்தாள் என்று பிற்பாடு அவளால் சொல்ல முடியவில்லை. "நான் போயிடறேன்" என்றாள். "மெதுவா எழுந்திருக்கிறேன். கதவு வரைக்கும் நடக்கிறேன். யாரும் உள்ள வர மாட்டாங்க." ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிச் செய்தாள். கதவைச் சாத்தாமல் இறங்கினாள்.

ஆரின் அவள் முகத்தைப் பார்த்தான். "நீ தட்டினியா?" என்று அவனிடம் கேட்டாள். அவன் இரண்டு கையையும் பாக்கெட்டில் வைத்திருந்தான். இல்லை என்று தலையை ஆட்டினான்.

லைலிடம் சொன்னாள்: "இத விக்காதீங்க. கடைசி மூலையில கொண்டுபோய் நிறுத்துங்க. கதவப் பூட்ட வேணாம். யாரையும் ஏத்திக் காட்டாதீங்க." லைல் ஏன் என்று கேட்க வாயெடுத்தான். அதற்குள் அந்தக் குரலை எங்கே கேட்டோம் என்று அவனுக்கு நினைவு வந்துவிட்டது. அவன் தம்பி படகிலிருந்து விழுந்த அன்று. "சரிங்க மேடம்" என்றான்.

அவர்கள் முதல் வண்டியை வாங்கினார்கள். ஆரினுக்கு அது வயிற்றெரிச்சல்தான். அரிசோனா போகும் வழியெல்லாம் மழைத் தண்ணீர் உள்ளே ஒழுகியது. போய்ச் சேர்ந்த பிறகு பசைக்குழாயும் கையுமாக ஏணியில்தான் குடியிருந்தான். பாலைவனக் காற்று ஜன்னல் இடுக்குகளில் புகுந்து விசிலடித்தது, இழுப்பறைகள் தாமாகத் திறந்தன, பக்கத்து வண்டிக்காரன் இருமுவது படுக்கை வரை கேட்டது. ஆர்லிஸ் அதில் நன்றாகத் தூங்கினாள்.

ஜனவரியில் ஒரு நாள் லைல் ஃபோன் செய்தான். "நீங்க சொன்ன மாதிரியேதான் மேடம் வெச்சிருந்தேன். கதவு தெறந்தே கெடந்துது. நேத்து பெரிய பனிப்புயல். இன்னிக்குப் பனிய ஒதுக்கிட்டுப் போய்ப் பாத்தா, கதவு சாத்தியிருக்கு. உள்தாழ்ப்பா போட்டிருக்கு. சுத்தி ஒரு காலடித் தடம் இல்ல." கொஞ்சம் நிறுத்தி, "ஆள விட்டு ஒடச்சுத் தெறக்கட்டுமா?" என்றான்.

"நீங்க தட்டினீங்களா?"

"இல்ல. கை வரல."

"நல்லது. தட்டாதீங்க லைல். விட்டுடுங்க."

ஃபோனை வைத்தாள். ஏணி மேலிருந்து ஆரின் குனிந்து பார்த்தான். "யாரு?"

"லைல். அந்த இன்னொரு வண்டியில ஆள் குடியிருக்காங்களாம்."

ஆரின் பசைக்குழாயின் முனையைச் சட்டையில் துடைத்தான்.

"நல்ல வண்டி அது" என்று சொல்லிவிட்டு, அடுத்த இடுக்கை அடைக்கப் போனான்.