சத்தமில்லாத மூன்றாவது சுற்று

மாலை நான்கு இருபத்திரண்டுக்கு என் மகள் மூன்றாவது சுற்றுக்காகத் தேயிலைச் சரிவின் வளைவைத் தாண்டி மறைந்தாள். அப்போதுதான் மூடுபனி இறங்கியது.

பிரிஞ்சாங் மலையூரில் மோட்டார் சைக்கிள் பட்டறை வைத்திருக்கிறேன். வண்டி அளவுக்கு மீறிச் சத்தம் போட்டதால் போலீஸில் பிடிபட்டவர்கள் சைலன்சர் மாற்ற என்னிடம் வருவார்கள். இந்த முறை நானே ஒன்றை வடிவமைத்திருந்தேன். துளையிட்ட குழாய், சுற்றிலும் கண்ணாடிப் பஞ்சு, கடைசியில் இரண்டு தடுப்பறைகள். ஓடும்போது எவ்வளவு சத்தம் வருகிறது என்று பார்க்க, எஸ்டேட்டில் அனுமதி கேட்டுக்கொண்டுதான் இந்தப் பாதைக்கு வந்திருந்தோம். மகள் ஓட்டினாள். நான் பாதையோரம் சத்தத்தை அளக்கும் மீட்டரோடு நின்றேன்.

இரண்டாவது சுற்றில் அவள் ஹார்ன் அடித்துவிட்டாள். மீட்டர் எகிறியது.

"ஹார்ன் அடிக்காத லா! ரீடிங் போச்சு!"

"ஆளு குறுக்க வந்தா என்னம்மா செய்றது? பாட்டு பாடவா?"

"வாய மூடிட்டு ஓட்டு."

சிரித்துக்கொண்டே மூன்றாவது சுற்றுக்குப் போனாள்.

பனிக்குள் எதுவும் கேட்கவில்லை. முதலில் பெருமையாகத்தான் இருந்தது. பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது: அவள் ஓட்டிக்கொண்டிருக்கிறாளா, விழுந்து கிடக்கிறாளா என்று எனக்குச் சொல்ல ஒரு சத்தமும் மிச்சமில்லை. அதை அடக்கியது நான்தான்.

கைப்பேசியில் லைன் இல்லை. கூப்பிட்டேன், என் குரல் இரண்டு வரிசைத் தேயிலையைக்கூடத் தாண்டவில்லை. மீட்டரில் எண் ஏறியது. நிமிர்ந்தால் பாதை வெறுமை. மறுபடி ஏறியது. என் மூச்சாக இருக்குமோ என்று மூச்சை அடக்கினேன். அப்போதும் ஏறியது. என் காதுக்கு எட்டாத ஏதோ ஒன்று என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது. ஓடவும் முடியவில்லை, நான் நகர்ந்த நொடியில் அவள் பனியிலிருந்து வந்து என்மேல் மோதிவிட்டால்?

ஐந்து மணிக்குப் பனியிலிருந்து ஓர் உருவம் திரண்டது. முதுகில் கொழுந்து மூட்டை, காலில் ரப்பர் பூட்ஸ், என்னைவிட மூத்த பெண். அவளுக்குப் பின்னால், கிழிந்த முட்டியோடு மோட்டாரைத் தள்ளிக்கொண்டு என் மகள்.

மகளின் கையைப் பிடித்தேன். குளிர்ந்திருந்தது. அந்தப் பெண்தான் பேசினாள்.

"பயப்படாத தங்கச்சி, முட்டியில மட்டுந்தான் அடி. எம்மேல ஏத்திடாம வாய்க்கால்ல விட்டுட்டா. பனியில நாங்க காதாலதான் பாப்போம். மோட்டார் சத்தம் கேட்டா ஒதுங்குவோம். இது சத்தமே இல்லாம முதுகுக்குப் பின்னால வந்து நின்ன மாதிரி இருந்துச்சு. எம் பின்னால இன்னும் எட்டுப் பேரு இறங்கி வராங்க. இது மறுபடி ஓடுனா அவங்க எதக் கேட்டு ஒதுங்குறது, நீயே சொல்லு?"