பல் பிடுங்கிய நாள்

நாற்பது தாண்டியும் அவளுக்கு வீட்டில் பாப்பா என்றுதான் பெயர். அக்கா கல்யாணமாகிப் போனாள். அண்ணன் வேலைக்குப் போன ஊரிலேயே தங்கிவிட்டான். பாப்பாவுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா செத்துப்போனாள். பிறகு அப்பாவுக்கு வலது கையும் காலும் விழுந்தன. யாரும் எதையும் முடிவு செய்யவில்லை. பாப்பா வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான்.

மூன்றாவது மாடி. இரண்டு அறை, சமையலறை, ஒரு குளியலறை. ஜன்னலோரம் அப்பாவின் நாற்காலி. அதில் உட்கார்ந்தால் வீட்டின் எல்லாக் கதவுகளும் தெரியும்.

பரணில் துணி சுற்றிக் கிடந்த கேமரா அப்பா இளவயதில் வாங்கியது. "எடுத்துக்கோ, அதுவும் என்ன மாதிரிதான் சும்மா கெடக்குது" என்றார். அதில் நாம் பார்க்கிற கண்ணாடி வேறு, படம் பிடிக்கிற கண்ணாடி வேறு. படம் பிடிக்கிற கண்ணாடியின் மூடியைக் கழற்றாவிட்டாலும் பார்ப்பவருக்கு உலகம் பளிச்சென்றுதான் தெரியும். அண்ணன் குடும்பத்தோடு வந்தபோது எல்லாரையும் நிற்கவைத்து, உட்காரவைத்து, ஒரு பிலிம் சுருள் முழுக்க எடுத்தாள். கழுவினால் ஒன்றுமே இல்லை. அண்ணி போனில் சிரித்தாள். "எங்க மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலன்னா நேராவே சொல்லியிருக்கலாமே பாப்பா." அதிலிருந்து மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் படம் எடுத்தாள்.

கழுவுவதும் அவளேதான். பிலிமை உருவி, ரீலில் சுற்றி, கழுவும் டப்பாவுக்குள் வைத்து மூடும்வரை பொட்டு வெளிச்சம் படக்கூடாது. குளியலறைக் கதவின் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு இருட்டில் விரலால் துழாவிச் செய்ய வேண்டிய வேலை. ஒருமுறை பாதியில் "பாப்பா" என்று குரல். கை தானாகத் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்துவிட்டது.

"என் கண்ணாடி எங்கம்மா?"

"மூக்கு மேலதான்பா இருக்கு."

அந்தச் சுருள் முழுவதும் கரி.

"நான் உள்ள இருக்கும்போது கூப்பிடாதீங்க, யாரும் கதவத் தட்டவும் கூடாது. கூப்பிட்டாலும் வரமாட்டேன்" என்று சொல்லிவைத்தாள்.

"வீடு தீப்பிடிச்சாலுமா?"

"டப்பாவ மூடிட்டு வருவேன்."

பிறகு அவளுக்குக் கை பழகிவிட்டது. ஆனாலும் சீக்கிரம் வெளியே வரமாட்டாள். கவிழ்த்துப் போட்ட வாளிமேல் இருட்டில் சும்மா உட்கார்ந்திருப்பாள். அந்த வீட்டில் அப்பாவின் கண் எட்டாத இடம் அது ஒன்றுதான்.

ஜன்னலிலிருந்து தெரிகிற தெருவை வெயிலில், மழையில், விளக்கு வெளிச்சத்தில் எடுத்துத் தீர்த்தாள். அதே கம்பம், அதே இஸ்திரி வண்டி. அக்கா ஒருநாள் வந்து தங்குவதாகச் சொன்னபோது, பாப்பா தனக்குப் பல் பிடுங்க வேண்டும் என்றாள். சும்மா வெளியே போகிறேன் என்று அந்த வீட்டில் சொல்ல முடியாது. எங்கே, எதற்கு, யாரோடு என்று கேட்பார்கள். வலிக்கு மட்டும்தான் கேள்வி இல்லை.

ஆற்றுப் பாலத்துக்குப் போனாள். நடுவில் நின்றாள். மூடியைப் பல்லில் கடித்துக்கொண்டு சுருள் தீரும்வரை எடுத்தாள். திரும்பும்போது படிக்கட்டில் நின்று கன்னத்துக்குள் பஞ்சை அடக்கிக்கொண்டாள்.

"எந்தப் பல்லுடி, காட்டு" என்றாள் அக்கா.

வாயைத் திறக்கக்கூடாது என்று சைகை செய்தாள். ராத்திரி பாலை மட்டும் குடித்துவிட்டுப் பசியோடு படுத்தாள்.

அக்கா போன மறுநாள் மத்தியானம், அப்பா கண்ணயர்ந்த பிறகு, பிலிமோடு உள்ளே போனாள். இனி எப்போது இன்னொரு பல் வலிக்கும் என்று தெரியாது. அந்த நினைப்பில் விரல் வியர்த்தது. பிலிம் ரீலில் மாட்டிக்கொண்டது. உருவி மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

"பாப்பா."

நகரவில்லை.

"பாப்பா, அவசரம்மா."

பிலிம் மறுபடி மாட்டியது. நாற்காலி தரையில் உரசுகிற சத்தம். ஏதோ விழுந்தது. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். பாலம், தண்ணீர், கைப்பிடிச் சுவர்மேல் தன் நிழல், எல்லாம் அவள் கையில் வியர்வை ஈரத்தோடு சுருண்டு கிடந்தது. வெளியே குரல் நின்றுவிட்டது. கூப்பிட்டபோதுகூட இவ்வளவு பயமில்லை. பிலிம் ஏறிவிட்டது என்று விரல் சொன்னதும் டப்பாவை மூடித் திருகினாள். தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அப்பா கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். இடது கை சுவரில். வேட்டி நனைந்திருந்தது. நாற்காலி அங்கே கவிழ்ந்து கிடந்தது. கை கால் விழுந்த நாளிலிருந்து அவர் தனியாக அடி எடுத்து வைத்ததில்லை.

"தட்டக்கூடாதுன்னியே. தட்டல" என்றார்.

அவரைக் கழுவி, வேட்டி மாற்றி, நாற்காலியை நிமிர்த்தி உட்காரவைத்தாள். தரையைத் துடைத்தாள். அதன் பிறகு பிலிமைக் கழுவினாள்.

துணிக்கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்ட சுருளிலிருந்து நீர் சொட்டியது. ஒரு படம்கூட வீணாகவில்லை. வானம் கறுத்தும் தண்ணீர் வெளுத்தும் இருந்தன. "இங்க கொண்டா" என்றார் அப்பா. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒருகாலத்தில் தானே கழுவியவர். கறுப்பை வெளுப்பாகப் படிக்க அவருக்குத் தெரியும்.

"பல் டாக்டர் ஆத்துப் பாலத்துலயா கடை போட்டிருக்காரு?"

பாப்பா தரையில் சொட்டியிருந்த நீரைத் துடைத்தாள்.

"நல்லாத்தான் எடுத்திருக்க." சுருளை அவளிடம் நீட்டினார். அவர் முகத்தில் இத்தனை சந்தோஷத்தை அவள் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது. "இப்பத்தான் நடக்க வருதே. அடுத்த பல்லப் பிடுங்கப் போகும்போது என்னையும் கூட்டிட்டுப் போம்மா."

"சரிப்பா" என்றாள்.

சுருளைத் திரும்பக் கொடியில் மாட்டினாள். இனி அவளுக்குப் பல் வலிக்காது. கேமராவை எடுத்து அதன் மூடியைப் போட்டாள்.