சக்கரத்துக்குத் தண்ணீர்

கண்ணுகளா, நம் தெருவில் லாரிக்காரர் பிள்ளைகள் எல்லாம் அப்பாவை மாதக்கணக்கில் எதிர்பார்த்திருக்க, நம் வீட்டில் மட்டும் அப்பா எப்படித் தினமும் பொழுது சாய வந்தார் என்று கேட்பீர்கள். நான் "அது ஒரு கதை" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் பிசைவேன். இப்போது ஓய்வாக இருக்கிறேன். எட்டாவது வரை படித்த கைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு எழுதுகிறேன்.

அப்போது நான் பம்பாய் லைன் ஓட்டிக்கொண்டிருந்தேன். பெரியவள் நடை பழகிய வயது. லாரி வாசலில் வந்து நின்றால், இந்தப் பெண் தத்தித் தத்தி ஓடிவந்து டயரைத் தட்டிச் சிரிப்பாள். லாரியிலிருந்து இறங்கிய என்னைப் பார்த்தால் வீறிட்டு அழுவாள். உங்கள் அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "லாரியத் தெரியுது, லாரிக்காரரத் தெரியலீங்க" என்றாள். அவளோடு நானும் சிரித்தேன். ஆனால் அன்றைக்கே, வீட்டுக்குத் தினமும் வருகிற மாதிரி ஒரு வேலை பார்க்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டேன்.

சேந்தமங்கலத்தில் ஒருவர் கொல்லிமலைக்குப் பஸ் விடப்போவதாகப் பேச்சு. போய்க் கேட்டேன். "மலையில ஓட்டறதுக்குன்னு பல்கலைக்கழகத்துக்காரங்க வகுப்பு நடத்தப் போறாங்களாமா. அதப் படிச்சுட்டு வா, வண்டியத் தாரேன்" என்றார். வகுப்பு எப்போது என்று அவருக்கே தெரியாது.

அந்த வகுப்பு நடக்குமா என்ற கேள்வியே, நம்ப மாட்டீர்கள், எங்கள் லாரியில் வந்து ஏறியது. பல்கலைக்கழகத்திலிருந்து சாலைப் போக்குவரத்து ஆராய்ச்சி செய்யும் ஓர் அம்மா வந்து எங்கள் முதலாளியிடம் ஒரு நாளைக்கு வண்டி கேட்டார். மணல் மூட்டை ஏற்றிக்கொண்டு மலையிலிருந்து இரண்டு தடவை இறங்க வேண்டும். ஒரு தடவை எல்லா டிரைவரும் செய்வதுபோலப் பிரேக்கை மிதித்துக்கொண்டே. இன்னொரு தடவை இரண்டாவது கியரில், வண்டியின் வேகத்தை இன்ஜினே பிடித்துக்கொள்ள, பிரேக்கை அங்கங்கே மட்டும் தொட்டு. அடிவாரத்தில் நிறுத்தியதும் சக்கரத்துக்குள் இருக்கும் பிரேக் டிரம்மின் சூட்டை அளக்க வேண்டும்.

"ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு காட்டினாதான் எங்க துறையில வகுப்புக்குச் சம்மதிப்பாங்க, அண்ணா" என்றார் அந்த அம்மா.

பஸ்காரர் சொன்ன வகுப்பு இதுதான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதலாளியோ, "பொழுது சாயறதுக்குள்ள வண்டி லாரி செட்டுல நிக்கோணும். பம்பாய்க்கு லோடு இருக்குது" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கிளீனர் எனக்கு மாமா முறை. என்னைவிட வயதில் மூத்தவர். டிரைவர் ஆக வேண்டும் என்ற ஆசையே இல்லாமல் கிளீனராகவே சந்தோஷமாக இருந்தவர். அந்த அம்மாவை டீச்சரம்மா என்றே கூப்பிட்டார்.

"நான் டீச்சர் இல்லைங்க."

"வகுப்பு எடுக்கப் போறீங்கல்ல? அப்பறம் என்னங்க டீச்சரம்மா."

முதல் இறக்கம் நன்றாகவே இருந்தது. வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்தேன். பாதி மலையிலேயே கருகல் வாசம் வந்தது. அந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டே, "நல்லா இருக்கு, நல்லா இருக்கு" என்றார். பிரேக் கருகியதற்கு மகிழ்ந்த ஒரே ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அடிவாரத்தில் நிறுத்தினேன். அவர் பெட்டியையும் அளக்கிற கம்பியையும் எடுத்துக்கொண்டு, புடவையைச் செருகிக்கொண்டு, அவ்வளவு உயரத்திலிருந்து மெதுவாகக் காலை ஊன்றி இறங்குவதற்குள் பின்னால் 'சொய்ங்' என்று ஒரு சத்தம். ஒரே ஆவி. மாமா தண்ணீர்க் கேனோடு நிற்கிறார். நான்கு சக்கரத்துக்கும் ஊற்றி முடித்துவிட்டார்.

நம் பக்கத்தில் மலை இறங்கின வண்டிக்குத் தண்ணீர் காட்டாமல் யாரும் டீ குடிக்கப் போக மாட்டார்கள். உழுது வந்த மாட்டுக்குத் தண்ணீர் வைப்பது போலத்தான். சக்கரம் நிற்கும் முன்னே கிளீனர் குதித்துவிடுவார். அது எனக்கும் பழகிப்போனதால் சொல்லி வைக்கத் தோன்றவில்லை.

அந்த அம்மா டிரம்மில் கம்பியை வைத்துப் பார்த்தார். பெட்டியில் முள் சும்மா அசைந்து நின்றது.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"ஊத்தாம எப்படிங்க டீச்சரம்மா? வாயில்லாத வண்டிங்க."

அந்த அம்மா ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். முதல் இறக்கம் வீண், இனி இரண்டு இறக்கம் பாக்கி. வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. எனக்கு மகள் டயரைத் தட்டுவது கண்முன் வந்தது.

"ஏறுங்கம்மா" என்றேன். "சோத்த மேல போயி, வண்டி திரும்பற நேரத்துல தின்னுக்கலாம்."

"மாப்ளே, பசிக்குதே."

"நீங்கதான மாமா வண்டிக்குத் தண்ணி காட்டுனது? நீங்களும் தண்ணியவே குடிங்க."

மறுபடியும் பிரேக்கை மிதித்தே இறங்கினேன். இந்த முறை தண்ணீர்க் கேனை அந்த அம்மா தன் காலடியில் வைத்துக்கொண்டார். மாமா இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அடிவாரம் வந்ததும் அவர் உடம்பு தானாகத் துள்ளியது. "மாமா" என்றேன். உட்கார்ந்துவிட்டார். முள் பெட்டியின் அந்தக் கோடிக்குப் போனது. மூன்றாவது இறக்கம் இரண்டாவது கியரில். இன்ஜின் உறுமிக்கொண்டே வந்தது, கருகல் வாசமே இல்லை. முள் பாதிகூடப் போகவில்லை.

"தண்ணி ஊத்துனப்பவும் முள்ளு கீழதானுங்க இருந்துச்சு. அதையும் சேத்து எழுதிக்குங்க" என்றார் மாமா.

"கொதிக்கிற டிரம்ல பச்சைத் தண்ணி ஊத்தினா வெடிப்பு விட்டுடும்ங்க" என்றார் அந்த அம்மா.

மாமா என்னைப் பார்த்தார். "அதானா மொதலாளி புது டிரம்முக்குக் காசு அழுதுட்டே இருக்கறாரு? மாப்ளே, இத அவருகிட்டச் சொல்லீராத சாமி."

செட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு போட்டுவிட்டார்கள். முதலாளி கத்தியதை எழுத வேண்டியதில்லை. சில மாதம் கழித்து வகுப்பு நடந்தது. சந்தைப்பேட்டைக் கொட்டகையில் கரும்பலகை வைத்து, மீசை நரைத்த டிரைவர்கள் எல்லாம் பலகையில் உட்கார்ந்து, "டீச்சரம்மா, இவன் என்ற காலை மிதிக்கிறானுங்க" என்று கோள் சொல்லிக்கொண்டு படித்தோம். பஸ்காரர் சொன்ன சொல் மாறாமல் பஸ்ஸை என் கையில் கொடுத்தார்.

முதல் நாள் கடைசி நடை இறங்கி வந்தேன். ஆட்கள் இறங்கிப் போனார்கள், கண்டக்டரும் போய்விட்டார். வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். ஆனாலும் போகாமல், டிரம் ஆறட்டும் என்று படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு புறங்கையை அருகில் வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. குழாயில் ஒரு கை தண்ணீர் பிடித்து, டிரம்மில் படாமல், டயர் மேல் மட்டும் தெளித்துவிட்டு ஒரு தட்டுத் தட்டினேன்.